குருவி நுழையும், காகம் நுழையாது

1

கோவில் கொடைக்கு நம்மூர் வாசகர் வட்டம் போடும் மலரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குவார்கள். துபாயிலிருந்து எழுதுவார்கள், சிங்கப்பூரிலிருந்து எழுதுவார்கள். பனியில் நின்று எடுத்த படம் ஒன்றும் இருக்கும். இந்த வருடம் நானும் எழுதுகிறேன் என்று சொன்னபோது, மலர்ப் பொறுப்பை எடுத்திருக்கும் அண்ணன் போனிலேயே சிரித்தார்.

“ஏம்மா செல்வி, ஒரகடம் என்னைக்கும்மா வெளிநாடு ஆச்சு? சாயங்காலம் பஸ் ஏறினா விடியக்காலம் இங்கன வந்து இறங்கிருதிய.”

இப்படிப்பட்ட இடத்தில் நான் வழக்கமாக “சரிண்ணே” என்று சொல்லி வைத்துவிடுவேன். பிறகு அரை நாள் உட்கார்ந்து, அவர் சொன்னதுதான் சரியோ என்று யோசிப்பேன். அன்று வைக்கவில்லை.

“அண்ணே, துபாய்ல இருக்கவனுக்கு விசா மூணு வருசத்துக்கு ஒரு தடவை. எனக்குப் பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரியும்படி எழுதுகிறேன். இங்கே வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். என் ரேஷன் கார்டில் இன்னும் நம் தெருதான் இருக்கிறது. ஆதாரிலும் நம் தெருதான். இந்த ஊரில் நாங்கள் இருக்கிறோம் என்பதற்குக் கையில் உள்ள ஒரே காகிதம் வீட்டுக்கார அம்மாள் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தம். சென்ற மாசியில் எங்களுக்கு நாலாவது ஒப்பந்தம். அதில் கையெழுத்து விழுமா விழாதா என்பது ஒரு குருவிக் கூண்டில் வந்து நின்றது.

2

நாங்கள் இருப்பது ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு நடுவே, வல்லக்கோட்டை போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில். வீட்டுக்கார அம்மாள் பெயர் கன்னியம்மா. அவர்களுடைய நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு மிஞ்சிய மனையில் ஆறு போர்ஷன் கட்டி விட்டிருக்கிறார்கள். கீழே முன்பக்கம் அவரும் அவர் மகன் தேவாவும் இருக்கிறார்கள். தேவா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மாடியில் தெருப்பக்கம் நாங்கள்: நான், என் வீட்டுக்காரர், நாலு வயது மகள் சஷ்டிகா.

இந்த வீட்டில் நான் சரி சொல்லாத விஷயமே கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சரி. காலை ஏழுக்கு மேல் மோட்டார் கிடையாது, சரி. ஊரிலிருந்து ஆள் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது, சரி. கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். எங்கள் அப்பா வந்தபோது மூன்றாம் நாள் காலையில் அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சஷ்டிக்கு வீசிங் உண்டு. கார் ஏற்றிப் போகும் நீள வண்டிகள் சாலையில் போகப் போக மண் எழும்பிக்கொண்டே இருக்கும். கீழே தெருவில் விளையாட விட்டால் அன்று மாலையே மூச்சு இழுக்கும், புகை மருந்து வைக்க வேண்டிவரும். அதனால் அவளுடைய வெளியுலகம் எங்கள் பால்கனிதான். எட்டடி நீளம், நாலடி அகலம். அங்கே நின்று தினமும், “அம்மா, கீழ போலாமா?” என்பாள். நான் தினமும் இல்லை என்பேன். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா, மற்ற பிள்ளைகளெல்லாம் மண்ணில் புரளவில்லையா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டு மறுபடியும் இல்லை என்றே சொல்வேன்.

ஒரு நாள் அரிசி களைந்தபோது ஒதுக்கிய நொய்யை பால்கனித் திண்டில் கொட்டியிருந்தேன். ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி வந்தது. சஷ்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அன்று அவள் கீழே போகலாமா என்று கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை என்பது எனக்கு மாலையில் பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் நாலு குருவி. அந்த வாரக் கடைசியில் இரண்டு புறா. அதற்கடுத்து காகங்கள். புறா வந்த இடத்தில் குருவி நிற்காது. புறா ஒற்றையாக வராது, வந்தால் போகவும் போகாது. திண்டு முழுக்க எச்சம். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, “பால்கனியில புறா வருதா?” என்பதுதான். காய்ந்த புறா எச்சம் இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது என்றார்.

“அப்ப எதுவுமே வைக்க வேண்டாம். முடிஞ்சுது சோலி” என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அது முடிந்ததாகப் படவில்லை. அவளுக்குத் தெரு இல்லை, மண் இல்லை, மாமா பிள்ளைகள் இல்லை. இப்போது குருவியும் இல்லையா?

“புறா வேண்டாம். காக்கா வேண்டாம். குருவி வேணும்” என்றேன்.

“அதுகளுக்கு எழுதியா போட முடியும்?”

“நீங்க கம்பெனியில என்ன வேலை பாக்கீங்க?” என்று கேட்டேன்.

3

அவர் வேலை பார்ப்பது உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் டூல்ரூமில். அங்கே ‘கோ, நோ-கோ’ என்று ஒரு அளவுக் கருவி செய்வார்களாம். சரியான பாகம் அதற்குள் போகும், அளவு பிசகினது போகாது. நின்று யோசிக்கவோ அளந்து பார்க்கவோ தேவையில்லை. குருவிக்கும் அப்படி ஓர் ஓட்டை போடலாமே என்று நான் கேட்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பழைய அட்டைப்பெட்டியை எடுத்தார்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நம்மூரில் நான் குருவியை விரட்டித்தான் வளர்ந்தேன். மாடியில் கம்பு காயப்போட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் ஒரு குச்சியோடு வெயிலில் உட்கார வேண்டும். குருவி ஒரு மணி கொத்தினாலும் எங்கள் அம்மா கீழிருந்து கத்துவாள். என் அண்ணனுக்கு அந்த வேலை ஒரு நாளும் கிடையாது. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தக் குச்சியோடுதான். குருவி என்றால் எனக்கு முதுகு வெயிலில் எரிந்ததுதான் ஞாபகம் வருமே தவிர, பிரியமெல்லாம் இல்லை. இப்போது கடைக்குப் போய்த் தினை வாங்கி வைத்து, வா வா என்று கெஞ்சுகிறேன்.

அட்டைப்பெட்டியில் அவர் ஐந்து ஓட்டைகள் வெட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. உள்ளே நொய் வைத்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலைகளில் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தார். எந்த ஓட்டையில் குருவி தயங்காமல் போகிறது, எதில் மைனா தலையை விட்டுப் பார்க்கிறது என்று சஷ்டியின் சிலேட்டில் கோடு போட்டார். சஷ்டிதான் சூப்பர்வைசர்.

“அப்பா, இன்னொண்ணு உள்ள பூட்ச்சி! வேற ஒண்ணு வந்துகினு கீது!”

வீடியோ காலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மா, “ஏட்டி, பிள்ள என்ன பாஷ பேசுது?” என்றாள்.

“கன்னியம்மா பாஷ” என்றேன். திருத்தித்தான் பார்க்கிறேன். நான் ‘வருது’ என்று சொல்லிக் கொடுப்பேன். அவள் ‘வருது’ என்று சொல்லிவிட்டு, படியிறங்கிக் கன்னியம்மா வாசலில் ஒரு நிமிடம் நின்று வந்தால் மறுபடி ‘வந்துகினு கீது’. அவள் பிறந்தது இங்கே. அவள் ஊர் இதுதான். திருத்த வேண்டியது அவளையா என்னையா என்று சில நாள் எனக்குத் தெரிவதில்லை.

ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையில் கூண்டு தயாரானது. ஆணி அடிக்கக் கூடாது என்பதால் துணி காயப்போடும் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டோம். குருவிகள் இரண்டு நாள் சுற்றிச்சுற்றிப் பார்த்தன. மூன்றாம் நாள் ஒன்று சிறகை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. மைனா வெளியே நின்று கத்தியது. சஷ்டி கைதட்டினாள்.

ஆனால் காகம் எங்களைவிடக் கெட்டி. தட்டை வலையை ஒட்டி வைத்திருந்தோம். காகம் கூண்டின் மேல் உட்கார்ந்து, அலகை மட்டும் உள்ளே விட்டுத் தட்டின் விளிம்பைப் பிடித்து ஆட்டியது. நொய்யெல்லாம் தரையில் கொட்டியது. கொட்டியதைத் தின்னப் புறா இறங்கியது.

என் வீட்டுக்காரர் கம்பெனியில் செய்வது போலவே ஒரு காகிதத்தில் ‘ஏன், ஏன்’ என்று எழுதிக்கொண்டே போனார். அங்கே எது பழுதானாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சொல்வார்களாம். புறா ஏன் வந்தது? தானியம் தரையில் சிந்தியது. ஏன் சிந்தியது? தட்டு ஆடியது. ஏன் ஆடியது? காகம் இழுத்தது. ஏன் இழுத்தது? எட்டியது. ஏன் எட்டியது? தட்டு ஓரத்தில் இருந்தது.

தட்டை எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சாண் தள்ளி, நடுவில் தொங்கவிட்டார். நான் நொய்யை நிறுத்திவிட்டுத் தினை மட்டும் போட்டேன். காலையில் இரண்டு கரண்டி, மாலையில் ஒன்று. மீறிப் போனால்தான் சிந்தும். கைப்பிடிச் சுவரின் மேல் புறா உட்கார முடியாதபடி இரண்டு வரிசை தூண்டில் நரம்பு கட்டினோம். தரையைக் காயவிட்டுப் பெருக்காமல், தண்ணீர் ஊற்றி ஈரத்துணியால் துடைத்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் பக்கத்து போர்ஷனில் ஒருவர், வயலில் செய்வது போலக் கறுப்பாக எதையாவது செத்த காகம் மாதிரித் தொங்கவிட்டால் காகம் அந்தப் பக்கமே வராது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்புக் குப்பைக் கவரைச் சுருட்டி, இரண்டு பக்கம் சிறகு மாதிரிக் கிழித்துக் கட்டினோம். கட்டச் சொன்னது நான்தான். எனக்கு எதுவும் ஒரு சுற்று கூடுதலாகச் செய்தால்தான் நிம்மதி.

அன்று காகங்கள் கூட்டமாக வந்து கத்திய கத்தில் தெருவே நின்று பார்த்தது. மறுநாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அந்த மறுநாள்தான் தை அமாவாசை.

4

பகல் ஒரு மணி வாக்கில் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கன்னியம்மா தலைக்கு ஊற்றி, ஈர முடியை முடிந்துகொண்டு கிழக்குச் சுவரோரம் நின்றிருந்தார். சுவரின் மேல் வாழையிலைத் துண்டு. சாதம், பருப்பு, வடை, பாயசம். தேவா வாயருகே கையைக் குவித்து, “கா... கா...” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் கட்டிப் போயிருந்தது. கன்னியம்மாவின் கணவர் இறந்து அப்போது இரண்டாவது வருடம்.

“எத்தினி மணியாவுது மா?” என்றார் கன்னியம்மா என்னைப் பார்த்து.

“ஒண்ணு தாண்டிருச்சும்மா. மாத்திரை போட்டீங்களா?”

“காக்கா எடுக்காம நான் எப்படி துண்றது? துண்ணாம மாத்திர எப்படி போடறது? காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல.” அவருக்குச் சர்க்கரை உண்டு. “தினம் ஒரு பிடி சோறு வெச்சா சண்ட போட்டுகினு வரும். இன்னிக்கி பாரு, வானத்துல ஒண்ணு கூட கெடையாது.”

“வரும்மா. கொஞ்ச நேரம் பொறுங்க” என்றேன்.

“வராது.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “தேவா அப்பாவுக்கு என் மேல கோவம். கடைசி மாட்ட விக்காதன்னு சொல்லிட்டுதான் பூட்டாரு. போன மாசம் நான் வித்துட்டேன். அதான் வர மாட்டேன்றாரு. இன்னா பண்ணுவேன்? மேய்க்க எடம் எங்க கீது?”

அழுதார். தேவா திரும்பி நின்றுகொண்டார்.

நான் துணியை எடுப்பது போலச் சுவரருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். நேர் கீழே எங்கள் பால்கனி. காற்றில் கறுப்புக் கவர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

காகம் ஏன் வரவில்லை? அதற்கு ஐந்து முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஓடி இறங்கி, கத்தரிக்கோலால் அறுத்து, சுருட்டி, வாஷிங் மெஷின் பின்னால் திணித்தேன். சஷ்டி தூங்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னும் மூன்று வாரத்தில் ஒப்பந்தம் முடிகிறது. புதிய ஒப்பந்தம் இருந்தால்தான் ஆதாரில் முகவரி மாற்ற முடியும். மாற்றினால்தான் நாலு வீடு தள்ளி, சாலையைக் கடக்காமலே போய்விடக்கூடிய பள்ளிக்கூடத்தில் சஷ்டிக்கு இடம். இல்லையென்றால் தூசிக்குள் வேனில் போக வேண்டிய பள்ளிதான். இவ்வளவும் அந்த அம்மாளின் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் மேலே ஒருத்தி, செத்துப்போன புருஷன் தன் மேல் கோபமாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு, பசியோடு நின்று அழுகிறாள். அவள் அப்படி நம்புவதற்குக் காரணம் என் வீட்டுக் குப்பைக் கவர்.

கவரைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனேன். படி ஏறும்போது மூன்று தடவை நின்றேன்.

“அம்மா, அவருக்குக் கோவம் இல்லம்மா. நாங்க காக்கா வராம இருக்கதுக்கு இதைக் கட்டி வச்சிருந்தோம். அதுக்குப் பயந்துதான் வரல. அமாவாசைய நான் நினைக்கல. தப்பு என்னோடது.”

கன்னியம்மா அந்தக் கவரை வாங்கி, சிறகு மாதிரிக் கிழித்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“ஏம்மா, உங்க ஊர்ல அமாவாச கெடயாதா?” என்று கேட்டார்.

நம்மூரில் அமாவாசை இல்லாமலா? எங்கள் வீட்டு மாடியிலும் இலை போடுவோம். அன்றைக்குக் காலையில்கூட அம்மா போனில், தாத்தாவுக்கு வைத்த சோற்றைக் காகம் வந்த உடனே எடுத்தது என்றாள். நானும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். போனை வைத்துவிட்டு, தலைக்கு மேல் மொட்டை மாடியிலும் இலை போடுவார்களே என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பெரியவர்களெல்லாம் ஊர்க் காகங்கள். இங்கே இருப்பவை எங்களுக்கு யாரும் இல்லை, தொந்தரவு செய்கிற பறவைகள், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். பிழைக்க வந்த இடத்தில் நம்மைப் போன்றவர்கள் செய்கிற தப்பு இதுதான் என்று நினைக்கிறேன். இங்குள்ள தண்ணீர், தெரு, மனிதர்கள் எல்லாவற்றையும் தாற்காலிகம் என்று வைத்துக்கொள்கிறோம். காகத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

காகம் அன்று முழுக்க வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பசுவுக்குப் படையலைக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்குத்தான் கன்னியம்மா சாப்பிட்டார். சாப்பிடப் போகும் முன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“பொழுது சாயறதுக்குள்ள அந்த கூண்ட கழட்டிடு. இல்லனா வேற வூடு பாத்துக்கோ.”

5

“நீ சும்மா இருந்திருக்கலாம்லா” என்றார் என் வீட்டுக்காரர், வந்ததும். பிறகு கூண்டைக் கழற்ற ஸ்டூலை இழுத்தார்.

“அவுக்காதீங்க” என்றேன்.

எங்கள் அம்மா போனில், “ஏட்டி, கிறுக்கா உனக்கு? ஒரு கூண்டுக்காகவா வீட்ட விடுவ? அவுத்துப் போட்டுட்டுச் சோலியப் பாரு. நாம அவங்க இடத்துல இருக்கோம்” என்றாள்.

அம்மா சொன்னதில் கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மூன்று வருடமாக அந்த ஒரு வரியை வைத்துத்தான் எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். அப்பாவை மூன்றாம் நாள் பஸ் ஏற்றியதும் அதை வைத்துத்தான். தப்பு செய்தது கவர். கவரைக் கழற்றிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கூண்டு என்ன செய்தது? அதைக் கழற்றினால் நாளைக் காலையில் சஷ்டி வந்து நிற்பாள். அவளிடம் நான் என்ன காரணம் சொல்வேன்? ‘நாம அவங்க இடத்துல இருக்கோம்’ என்றா? இங்கே பிறந்த பிள்ளையிடம் அதை நான் சொல்ல மாட்டேன்.

கழற்றவில்லை. தூங்கவும் இல்லை. அடுத்த பல நாள் கன்னியம்மா என்னிடம் பேசவில்லை. தண்ணீர் மோட்டார் ஐந்து நிமிடம் முன்னதாகவே நின்றது. நான் அக்கம்பக்கத்தில் இரண்டு வீடு விசாரித்தும் வைத்தேன், தைரியம் என்று சொல்லிக்கொண்டாலும் பயம் பயம்தான். விசாரித்த ஒரு வீட்டில், சின்னக் குழந்தை இருந்தால் தர மாட்டோம் என்றார்கள்.

ஆனால் தினம் காலையில் மாடிக்குப் போய்க் கிழக்குச் சுவரில் ஒரு பிடி சோறு நானும் வைத்தேன். கன்னியம்மா வைப்பதற்குப் பக்கத்தில். அவர் பார்த்தார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ ஒரு காகம் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. இறங்கி, ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்தது. என்னுடையதையல்ல, அவருடையதை.

“வந்துட்டாரு” என்றார் கன்னியம்மா, யாரிடமென்று இல்லாமல்.

காகங்கள் மாடிக்குத் திரும்பின. எங்கள் கூண்டை அவை திரும்பியே பார்க்கவில்லை. எட்டாத தட்டிலுள்ள தினையில் அவற்றுக்கு என்ன இருக்கிறது? கவர் தேவையே இருந்ததில்லை. தட்டை நடுவில் தொங்கவிட்டதே போதும். கூடுதலாக ஒரு சுற்று செய்து கெடுத்தது நான்.

6

ஒப்பந்தம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தேவா வந்து, ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் டைப் அடிக்கும் கடைக்கு வரச் சொன்னார். கன்னியம்மாவும் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. இதுவரை மூன்று ஒப்பந்தமும் அவர் பெயரில். முகவரிச் சான்று எனக்கும் குழந்தைக்கும்தான் வேண்டும் என்பதால் இந்த முறை என் பெயரில் போடச் சொல்லியிருந்தோம். சஷ்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் காகிதத்தை நீட்டி, “இங்க, இங்க, இங்க” என்று மூன்று இடத்தில் விரல் வைத்தார்.

நான் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. எம்.எஸ்சி. படித்து என்ன கண்டாய் என்று கேட்பவர்களுக்கு இதுதான் கண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்பதாவது வரி புதிது. ‘மேற்படி வீட்டின் எல்லைக்குள் காக்கை, குருவி, புறா முதலிய எந்தப் பறவைக்கும் எவரும் உணவு வைக்கக் கூடாது.’

பேனாவை மேசையில் வைத்தேன்.

“இன்னா?” என்றார் தேவா.

நான் கன்னியம்மாவைப் பார்த்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன். “அம்மா, எந்தப் பறவைக்கும்னு இருக்கு. எவரும்னு இருக்கு. வீட்டு எல்லைன்னா மொட்டை மாடியும் சேந்ததுதான். அடுத்த வாரம் மாசி அமாவாசை. நீங்க எங்க இலை போடுவீங்க?”

கன்னியம்மா மகன் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா எழுதி வெச்சிகிற? உங்கப்பனுக்கு சோறு வெக்க எவன் கிட்ட நான் பர்மிஷன் வாங்கணும்?”

“அது நமக்கு இல்லமா. வாடகைக்கு கீறவங்களுக்கு.”

“அப்படி எங்க எழுதிக்கிது? எவரும்னு சொல்லுதே அந்தப் பொண்ணு.”

“வாடகைதாரர்னு மாத்திடலாம். அஞ்சு நிமிஷ வேல” என்றார் கடைக்காரர்.

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று எங்கள் அம்மா இன்றும் சொல்கிறாள்.

“மாத்துனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். இடுப்பில் சஷ்டி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். “கவர் கட்டுனது தப்பு. அதை நானே வந்து சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரியவே போறதில்ல. கூண்டு தப்பில்ல. உங்களுக்கு மாடியில ஒரு ஆள் வராரு. இவளுக்கு பால்கனியில நாலு பேர் வராங்க. வேற யாரும் இவளுக்கு இங்க இல்ல. அதுக்கு ஒத்துக்கிட்டா இருக்கேன், இல்லன்னா காலி பண்ணிடுறேன்.”

தேவா எழுந்துவிட்டார். “பாத்தியாமா, எப்படிப் பேசுது!”

கன்னியம்மா அவரைக் கவனிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சஷ்டியைப் பார்த்தார். “நாலு பேரா வராங்க?” என்று அவளிடமே கேட்டார்.

“இல்ல, ஆறு! ஒண்ணுக்கு வால் இல்ல. ஆனா பறக்குது” என்றாள் சஷ்டி.

“வால் இல்லாம எப்படி பறக்கும்?”

“வந்து பாரு.”

கன்னியம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், “அந்த கூண்டு என் காக்காவ பயமுறுத்தாதுல்ல?” என்றார்.

“பயமுறுத்தாது. உள்ள வர முடியாது, அவ்வளவுதான்.”

“பொறா?”

“அதுவும் வராது. ஒண்ணு வந்தாலும் நானே விட மாட்டேன். இவளுக்கு ஆகாது.”

“பொறாவ கண்டா எனுக்கும் ஆவாது. காக்காக்கு வெக்கிற சோத்த அதான் துண்ணுட்டுப் போவுது.” கடைக்காரரிடம் கையை நீட்டினார். “பேனா குடு.”

ஒன்பதாவது வரியின் மேல் அவரே கோடு இழுத்தார். நேராக வரவில்லை, பத்தாவது வரியையும் கொஞ்சம் தொட்டது. அடித்த இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கடைக்காரர். அவர் ‘கன்னியம்மா’ என்று எழுத்து எழுத்தாகப் போட்டார். பக்கத்தில் நான் போட்டேன்.

மறுவாரம் முகவரி மாற்றக் காகிதங்களோடு சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாமா இது, நடுவுல அடிச்சி ரெண்டு கையெழுத்து?”

முன்பாக இருந்தால் பதறி, மன்னிப்புக் கேட்டு, புதிதாக டைப் அடித்து வருகிறேன் என்று வெளியே வந்திருப்பேன்.

“குருவிக்கும் வைக்கலாம், காக்காவுக்கும் வைக்கலாம்னு அர்த்தம் சார். அடுத்த பக்கம் பாருங்க, முகவரி இருக்கு” என்றேன்.

அவர் அடுத்த பக்கம் பார்த்தார்.